மிச்ச நூலில் ஒரு முழு மப்ளர்

மிச்சம் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் இரண்டு அர்த்தங்கள் உண்டு. "குழம்பு மிச்சம் இருக்கிறது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தால், வீணாகிவிடுமோ என்ற கவலை அதில் தொனிக்கும். "இந்த மாதம் நூறு ரூபாய் மிச்சம் பிடித்தேன்" என்று அதே குரல் சொன்னால், அதில் ஒரு வெற்றி முழக்கம் கேட்கும். பண்டம் மீந்து போவதும் மிச்சந்தான். பணம் சேர்ந்து நிற்பதும் மிச்சந்தான். முதல் மிச்சத்தை இரண்டாவது மிச்சமாக மாற்றும் வித்தைக்கே குடித்தனம் என்று பெயர்.

இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் ஒரு மிச்சம்: காலுறை பின்னி மீந்த உல்லன் நூல்.

"தமிழ் நாட்டில் கம்பளிக் காலுறை யார் பின்னுகிறார்கள்?" என்று சென்னைவாசிகள் சிரிக்கக் கூடும். சித்திரை மாத வெயிலில் அவர்கள் சிரிப்பது நியாயமே. ஆனால் உதகையிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் குடித்தனம் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். லடாக்கில் காவல் நிற்கும் மகனை உடையவர்களைக் கேட்டுப் பாருங்கள். கனடாவில் மருமகளுக்குப் பிரசவம் பார்க்கப் போய், ஆறு மாதம் பனிக்கு நடுவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்து, ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டு திரும்பிய பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். இவர்கள் வீட்டிலெல்லாம் ஒரு பை இருக்கும். அந்தப் பைக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வர்ணங்களில் ஒற்றை ஒற்றையாக நூற்கண்டுகள் கிடக்கும்.

மிச்சம் விழும் கணக்கு

காலுறை நூல் பெரும்பாலும் 100 கிராம் சிட்டமாக விற்கப்படுகிறது. அதன் நீளம் ஏறக்குறைய 400 மீட்டர். முக்கால் பங்கு கம்பளியும் கால் பங்கு நைலானும் கலந்திருப்பது வழக்கம். குதிகாலில் சீக்கிரம் தேயாமலிருக்க இந்தக் கலப்பு. வயது வந்தவர் ஒருவரின் காலுறை ஜோடிக்கு 60 முதல் 80 கிராம் வரை செலவாகும். ஆகவே ஒவ்வொரு ஜோடிக்கும் 20 கிராமாவது மீந்துவிடுகிறது. அந்த 20 கிராமில் இன்னொரு காலுறை பின்ன முடியாது. தூக்கி எறியவோ மனம் வராது. எட்டு ஜோடி பின்னியவர் வீட்டில் எட்டுக் கண்டுகள் சேர்ந்துவிடும்.

அவை அப்படியே கிடந்தால் என்ன ஆகும்? அந்துப்பூச்சிக்கு ஆகாரமாகும். கம்பளியின் அருமையை நம்மைவிட நன்றாக அறிந்த பிராணி அது.

எட்டுக் கண்டுகளையும் சேர்த்தால் 160 கிராம். ஒரு முழு மப்ளருக்கு வேண்டிய அளவு ஏறக்குறைய அதுவேதான். எட்டு ஜோடிக் காலுறைகளின் வயிற்றிலிருந்து ஒன்பதாவதாக ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக் கொள்ளலாம்.

இது புதிய யோசனையன்று. எகிப்து தேசத்தில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளையும் நீலமுமான பருத்தி நூலால் காலுறை பின்னி அணிந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1589ஆம் ஆண்டு வில்லியம் லீ என்பவர் முதன்முதலாகப் பின்னல் இயந்திரத்தைச் செய்தபோது, அதுவும் காலுறைக்காகவே பிறந்தது. அந்த இயந்திரத்தின் வம்சாவளியில் வந்தவைதான் இன்று திருப்பூரில் பனியன் பின்னும் இயந்திரங்கள் யாவும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1941ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் பிரிட்டனில் துணிக்கும் பின்னல் நூலுக்கும் பங்கீடு வந்தது. பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைக் கழுவி, மறுபடியும் பின்னுவது அப்போது அங்கே வீட்டுக்கு வீடு நடந்த காரியம். நம் தேசத்திலும் 1962ஆம் ஆண்டு சீன யுத்தம் மூண்டபோது, இமயமலையின் குளிரில் நின்ற வீரர்களுக்காகப் பெண்கள் ஊர் ஊராக உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினார்கள். ஊசி பிடித்த கைகளுக்கும் தேச சரித்திரத்தில் ஒரு பக்கம் உண்டு என்பதை மறப்பதற்கில்லை.

பின்னும் முறை

முதல் வேலை தரம் பிரிப்பது. சுடுநீரில் கழுவினாலும் சுருங்காதபடி பக்குவம் செய்த நூல் ஒரு வகை. சாதாரணக் கம்பளி நூல் மற்றொரு வகை. இரண்டையும் ஒரே மப்ளரில் சேர்த்தால், முதல் சலவையிலேயே ஒரு பட்டை சுருங்கும், அடுத்த பட்டை சுருங்காது. ஓரம் முழுவதும் சுட்ட அப்பளம்போல் நெளிந்துவிடும். நூலின்மேல் சுற்றிவரும் காகிதச் சீட்டைப் பத்திரப்படுத்தி வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது. அடர்ந்த சிவப்பு, கருநீலம் முதலியவற்றில் ஒரு சாண் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். சாயம் விடும் நூலை வெளிர் நிறங்களோடு சேர்க்க வேண்டாம்.

மூன்றாவது ஊசி. காலுறைக்கு இரண்டேகால் அல்லது இரண்டரை மில்லிமீட்டர் ஊசியைக் கொண்டு நெருக்கமாகப் பின்னியிருப்போம். காலுறை செருப்புக்குள் உராய்வது. ஆகவே இறுக்கம் வேண்டும். கழுத்தில் அணிவதற்கு அந்த இறுக்கம் உதவாது. மூன்றரை மில்லிமீட்டர் ஊசியை எடுத்தால், அதே நூல் குழைந்து தொங்கும்.

அறுபது கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசைகளையும் நேர்க் கண்ணியாகவே பின்னிக்கொண்டு போகலாம். இப்படிப் பின்னினால் துணி ஓரத்தில் சுருளாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றிவிட்டால் ஓரம் சங்கிலி போட்டதுபோல் நேர்த்தியாக அமையும். அகலம் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகவோ கூடவோ வரும். 20 கிராம் கண்டு ஒன்றில் ஏறக்குறைய 20 செண்டிமீட்டர் நீளம் வளரும். எட்டுக் கண்டுக்கு 160 செண்டிமீட்டர். கழுத்தை ஒரு சுற்றுச் சுற்றி, காதையும் மூடி, இரண்டு நுனிகளையும் மார்பில் விட்டுக்கொள்ள அது தாராளம்.

வர்ணங்களை அடுக்குவதுதான் ருசியைக் காட்டும் இடம். இருண்டதிலிருந்து வெளிர் நிறத்துக்குப் படிப்படியாகப் போகலாம். இரண்டு நுனிகளும் ஒத்திருக்க வேண்டுமானால், ஒவ்வொரு கண்டையும் தராசில் நிறுத்து இரு பாதியாக்கிக்கொண்டு, நுனியிலிருந்து நடுவுக்கும் நடுவிலிருந்து மறு நுனிக்கும் அதே வரிசையில் வரலாம். சண்டையிடும் வர்ணங்களாயிருந்தால், சாம்பல் நிறமோ கறுப்போ ஒரே நூலை எடுத்து, ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே இரண்டு வரிசை ஓட்டினால் போதும். வாயாடிகள் நிறைந்த சபையில் நிதானமான ஒரு தலைவர் வந்து உட்கார்ந்ததுபோல் எல்லாம் அடங்கிவிடும்.

நூல் மாறும் இடத்தில் முடிச்சுப் போடுவது கூடாது. முடிச்சு கழுத்தை உறுத்தும். நான்கு விரற்கடை நீளம் நுனி விட்டு, பிறகு மொட்டை ஊசியால் அதைக் கண்ணிகளுக்குள்ளே செருகிவிட வேண்டும். சுருங்கும் ஜாதிக் கம்பளியானால், இரு நுனிகளையும் நனைத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலே ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். பின்னி முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துவாலையில் சுருட்டிப் பிழிந்து, நிழலில் பரப்பி உலர்த்துவது உத்தமம். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் பாரத்தால் நீண்டுவிடும்.

இனி ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். இந்த மப்ளரில் சுமார் 50,000 கண்ணிகள் இருக்கும். நிமிஷத்துக்கு 25 கண்ணிகள் போடுகிறவருக்கு 33 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். நூல் மிச்சம், இந்த 33 மணி நேரம் மிச்சமன்று. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்குமாறு நேயர்களை வேண்டுகிறோம்.

மலைமேல் குளிர்

இந்த மப்ளர் யார் கழுத்துக்குப் போக வேண்டும்? வீட்டில் குளிருக்கு நடுங்குகிறவர் இருந்தால் அவருக்கே முதல் உரிமை. மார்கழிக் காலையில் காதைக் கட்டிக்கொள்ளாமல் வெளியே புறப்படும் தாத்தாவைத் தமிழ் நாட்டில் எங்கும் காண்பதற்கில்லை. ஆனால் அப்படிப்பட்டவர் இல்லாதபோது, பலருடைய மனம் மலைப்பக்கம் திரும்புகிறது. நாமக்கல் ஜில்லாவிலுள்ள கொல்லிமலையை உதாரணமாக எடுத்துக் கொள்வோம்.

காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு கோடி வரையில் போய், திரும்பி, மறு கோடி வரையில் போய், மறுபடியும் திரும்பி, வரிசை வரிசையாக உயர்ந்துகொண்டே போகும் அந்தப் பாதை, மலையின்மீது யாரோ ஊசி கொண்டு பின்னிவிட்டதுபோலவே தோன்றும். மேலே 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பல நாடுகள்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ஊர்த் தொகுதிகளுக்கே அங்கே நாடு என்று பெயர். மலையாளி என்று வழங்கும் மலைக் குடிமக்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். கேரளத்தாரல்லர், மலையை ஆள்கிறவர்கள். மிளகும் காபியும் வாழையும் அன்னாசியும் அவர்கள் உழைப்பால் விளைகின்றன. மார்கழி, தை மாதங்களில் பனிமூட்டம் வாசற்படி வரையில் வந்து நிற்கும். அந்த ஈரக் குளிரில் பருத்தித் துணி நனைந்தால் உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளி சற்று ஈரமானாலும் வெதுவெதுப்பை விடாது. அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் குழந்தைகளும், விடியுமுன் தோட்டத்துக்குப் போகும் முதியவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

ஆகவே மிச்ச நூலில் ஒரு மப்ளர் பின்னி மலைக்கு அனுப்பினால் புண்ணியம் என்று சகோதரிகள் நினைப்பது இயற்கையே. நினைப்பு நல்லது. ஆனால் எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கொடுக்கும் முறை

மலைக்கு உல்லாசப் பயணம் போகும் சிலர், வீட்டில் வேண்டாதவற்றையெல்லாம் மூட்டை கட்டி மோட்டாரில் போட்டுக்கொண்டு போவதுண்டு. பொத்தான் அறுந்த சட்டை, நிறம் போன சேலை, ஒற்றைக் காலுறை எல்லாம் அதில் இருக்கும். வழியில் எதிர்ப்பட்ட குழந்தையின் கையில் அதைத் திணித்துவிட்டு, ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டு, அருவியைப் பார்க்கப் போய்விடுவார்கள். இது தானமன்று, அலமாரி சுத்தம் செய்கிற வேலை. நமக்கு இடத்தை அடைப்பது அவர்களுக்கு ஆடையாகும் என்ற எண்ணத்தில் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது. வாங்குகிறவர் வாய் திறந்து சொல்லமாட்டார். ஆனால் அவருக்குத் தெரியும்.

கொல்லிமலையில் இதைச் செய்வது இன்னும் பொருந்தாது. கொடைக்குப் பேர்போன எழுவரில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை அது. செம்மேட்டில் குதிரைமீது அமர்ந்தவனாக அவன் சிலை நிற்கிறது; ஆடி மாதத்தில் அவனுக்கு விழா நடக்கிறது. ஒரே அம்பினால் யானை முதல் உடும்பு வரையில் துளைத்தவன் என்று வன்பரணர் புறநானூற்றில் அவனைப் பாடியிருக்கிறார். அந்த வில்வன்மையைக் காட்டிலும் நம்மைக் கவர்வது அவன் கொடுத்த விதம். வழியில் கண்ட பாணர் கூட்டம் தன்னைப் புகழக் கேட்டபோது நாணி நின்று, பிறகு அவர்களுக்கு வாரி வழங்கினானாம். கொடுக்கிறவன் கூச வேண்டும், வாங்குகிறவன் கூசலாகாது. மலை அரசன் வகுத்த இலக்கணம் இது.

எழுவரில் இன்னொருவனான பேகன், மயில் குளிரால் வருந்துகிறது என்று எண்ணித் தன் போர்வையைக் கொடுத்தான். மயிலுக்குப் போர்வை எதற்கு என்று பண்டிதர்கள் விவாதிக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு: அவன் கொடுத்தது தான் போர்த்தியிருந்தது. அரண்மனை அலமாரியில் மூலையில் கிடந்ததன்று.

அப்படியானால் மிச்ச நூலில் பின்னியதைக் கொடுக்கலாமா, கூடாதா? தாராளமாகக் கொடுக்கலாம் என்பதே நம் தீர்மானமான அபிப்பிராயம். மேலே சொன்ன 33 மணி நேரக் கணக்கு இங்கேதான் உதவுகிறது. எட்டுக் கண்டுகளையும் அப்படியே பையோடு கொடுத்தால் அது மிச்சம். அளந்து, தேர்ந்து, அடுக்கி, 50,000 கண்ணி போட்டு, நுனி மறைத்து, கழுவி உலர்த்திக் கொடுத்தால் அது முழுப் பொருள். நம் பிள்ளைக்கு அணிவிக்க மனம் ஒப்புமா என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பினால் கொடுங்கள், ஒப்பாவிட்டால் பிரித்து மறுபடியும் பின்னுங்கள். பள்ளித் தலைமையாசிரியரையோ ஊர்ப் பெரியவரையோ கேட்டு, வேண்டும் என்றால் மாத்திரம் அனுப்புங்கள். சந்தையில் அவர்கள் விற்கும் மிளகையும் பழத்தையும் பேரம் பேசாமல் வாங்குங்கள். ஒரு கையால் மப்ளர் கொடுத்து, மறு கையால் அன்னாசியில் பத்து ரூபாய் குறைப்பது கொடையாகாது.

"கடையில் இயந்திர மப்ளர் மலிவாகக் கிடைக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?" என்று கேட்கலாம். குளிர் தீர வேண்டும் என்பது ஒன்றே நோக்கமானால், பத்து வாங்கிக் கொடுப்பது சிலாக்கியமே, நாம் தடுக்கவில்லை. ஆனால் கையால் செய்ததில் கொடுக்கிறவரின் பொழுதும் கூடவே போகிறது. 1947ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இங்கிலாந்து இளவரசி எலிஸபெத்தின் கல்யாணத்துக்கு மகாத்மா காந்தி அனுப்பிய பரிசு என்ன? தம் கையால் நூற்ற நூலைக் கொண்டு பின்னிய ஒரு சிறு துணி. நடுவில் ஜெய் ஹிந்த் என்ற சொற்கள். உடைமை என்று ஒன்றுமில்லாதவர், பொன்னும் மணியும் குவிந்த அரண்மனைக்குத் தம் உழைப்பை அனுப்பினார். ஏழைக்கும் அரசகுமாரிக்கும் ஒருங்கே தகுந்த பரிசு கைவேலை ஒன்றுதான்.

கையின் பெருமை

கையைப் பற்றிப் பேசும்போது கொல்லிமலையில் வளர்ந்த ஒருவரை நினையாதிருக்க முடியாது. 1914ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் பால் பிராண்டு அந்த மலையில் வளர்ந்தார். தந்தை ஜெஸ்ஸி பிராண்டு மலைக் குடிமக்களிடையே தொண்டாற்றி, 1929இல் காய்ச்சலுக்கு இரையானார். தாய் எவலின் முதுமையிலும் மலைநாட்டை விடாமல் உழைத்து, 1974ஆம் ஆண்டு 95ஆவது வயதில் காலமானார். மகன் முதலில் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகி, பிறகு வைத்தியம் கற்று, 1946இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றார். இந்நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. தொடு உணர்ச்சியும் வலியும் அற்றுப்போனதால் சூடும் காயமும் தெரியாமல் அழிகின்றன என்பதை எடுத்துக் காட்டியவரும் அவரே.

ஊசியில் நடக்கும் கண்ணியைக் கண்ணால் பார்க்காமலே எண்ணுகிறதே நம் விரல், அந்த உணர்ச்சி எவ்வளவு பெரிய செல்வம்! அதை நாள் முழுவதும் கண்ணாடித் திரையைத் தடவுவதற்கு மாத்திரம் வைத்துக்கொண்டிருப்பது நியாயமா?

மிச்சத்தைப் பற்றியும் கொல்லிமலை நமக்கு ஒன்று கற்பிக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் அறுவடையானதும், நல்ல கதிர்களைத் தேர்ந்து விதைக்கென்று எடுத்து வைப்பது அம்மலை உழவர் மரபு. மரவள்ளி பரவியதால் சிறுதானியங்கள் குறைந்து வந்தபோது, 1990களிலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மக்களோடு சேர்ந்து ஊர்தோறும் விதை வங்கிகள் அமைக்க முயன்றது. அந்த முயற்சிக்கு ஆதாரமாக நின்றவை, மலைக் குடும்பங்கள் கைவிடாமல் வைத்திருந்த விதைகளே. உண்டது போக மீந்ததை விதைக்கவில்லை அவர்கள்; விதைக்கு எடுத்தது போக மீந்ததை உண்டார்கள். மிச்சம் என்பதை இப்படியும் நினைக்கலாம்.

ஆகையால் சகோதரிகளே, ஊசி பிடிக்கத் தெரிந்த சகோதரர்களே, இன்று மாலை அந்தப் பையைக் கீழே இறக்குங்கள். கண்டுகளை நிறுத்துப் பாருங்கள். 160 கிராம் தேறினால் அறுபது கண்ணி ஏற்றுங்கள். ஐப்பசி மழையில் தொடங்கினால், நாளுக்கு முக்கால் மணியாக, மார்கழி பிறக்கும்போது கடைசிக் கண்ணி இறங்கிவிடும். குளிரும் அப்போதுதான் மலையேறும்.